ஒரு சென்ட்டுக்கு எத்தனை மார்க்?

பழைய அமெரிக்கச் சில்லறைக் காசுகளைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது அச்சான எண்ணிக்கையைத்தான். குறைவாக அச்சடித்திருந்தால் அரிது, அரிதாக இருந்தால் விலை அதிகம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். லிங்கன் சென்ட் வரிசையில் இரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கு தப்பு என்று புரிந்தது.

முதல் காசு 1909இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. பின்பக்கம் அடியில் வி.டி.பி. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். 4 லட்சத்து 84 ஆயிரம் காசுகள்தான் அச்சாயின. இரண்டாவது 1914இல் டென்வரில் அடித்தது, 11 லட்சத்து 93 ஆயிரம். ஆண்டுக்குக் கீழே ‘எஸ்’ என்றிருந்தால் சான் பிரான்சிஸ்கோ, ‘டி’ என்றிருந்தால் டென்வர், எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. நன்றாகத் தேய்ந்த நிலையில் 1909 எஸ் வி.டி.பி.தான் விலை கூடியது. அதே இரண்டு காசுகளும் நாணயச்சாலையிலிருந்து வந்த அன்றைய செந்நிறத்தோடு இருந்தால் கதை தலைகீழ். இரண்டு மடங்குக்கு மேல் அச்சான 1914 டி, விலையில் மற்றதைப் பின்னால் விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறது.

காரணம் அந்தக் காசுகள் பிறந்த நேரம். லிங்கன் பிறந்து நூறு ஆண்டு ஆனதை ஒட்டி 1909 ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்தச் சென்ட் வெளிவந்தது. புழக்கத்துக்கான அமெரிக்கக் காசில் உண்மையான ஒரு மனிதரின் முகம் வந்தது அதுவே முதல்முறை. வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தன் முதலெழுத்துகளைப் பின்பக்கம் போட்டிருந்தது சர்ச்சையாகி, சில நாட்களிலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும் கையில் இருந்ததைச் செலவழிக்காமல் எடுத்து வைத்தவர்கள் பலர். 1914இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. லிங்கன் முகம் பழகிப்போயிருந்தது. டென்வர் காசுகள் வங்கிக்கு வந்தன, கடைக்குப் போயின, பைகளில் உரசின.

காசுகளை ஆண்டுவாரியாக, ஊர்வாரியாகச் சேர்க்கும் பழக்கம் அமெரிக்காவில் வீடுவீடாகப் பரவியது 1930களில். விஸ்கான்சின் மாநிலத்து நீனா ஊரில் ஒருவர் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு துளை போட்ட அட்டையைக் கண்டுபிடித்தார். அதே மாநிலத்தின் ரசீன் நகரிலிருந்த விட்மன் நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்த வருஷங்களில் கைக்காசையே கிளறித் தேடுவது செலவில்லாத பொழுதுபோக்கு. ஆனால் அட்டையில் 1914 டி என்ற துளையை நிரப்பக் கிடைத்த காசு, அதற்குள் இருபது ஆண்டு புழங்கி முகம் மழுங்கிப் போயிருந்தது. யாரும் திட்டமிட்டுக் காப்பாற்றாத காசு அது. இன்று புதிதாக இருக்கும் ஒவ்வொன்றும் தற்செயலாகத் தப்பியது.

இதற்கு நேர்மாறானது 1931 எஸ். 8 லட்சத்து 66 ஆயிரம்தான் அச்சானது. ஆனால் குறைவாக அடித்தார்கள் என்று அப்போதே தெரிந்ததால் வியாபாரிகளும் சேகரிப்பவர்களும் புதிதாகவே அள்ளி வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த ஆண்டுக் காசில் தேய்ந்ததற்கும் தேயாததற்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை.

சிறு மதிப்புக் காசுகளில் இது கூடுதலாகவே நடக்கும். இருபது டாலர் தங்கக் காசை வங்கிப் பெட்டகத்தில் வைப்பார்கள். ஒரு சென்ட்டை யார் வைப்பார்கள்? அதனால்தான் இந்தக் காசுகளில் அச்சான எண்ணிக்கையை விட, எந்த நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது பெரிய கேள்வி. அந்த நிலையை எண்ணால் சொல்வதுதான் கிரேடிங்.

அந்த எண்ணுக்கு நூறு மார்க் கிடையாது, எழுபதுதான் உச்சம். ஏன் எழுபது? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1793 முதல் 1814 வரையிலான பெரிய செம்புச் சென்ட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். அவர் தொழிலால் உளவியலாளர். மனிதர்களின் உடலமைப்பை எண்ணால் வகைப்படுத்தியவர், காசுகளையும் விடவில்லை. அவர் மனதில் இருந்தது விலைக் கணக்கு. எந்தக் காசு என்று மட்டும் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த சென்ட் ஒரு டாலர் என்றால், குறையே இல்லாத அதே சென்ட் எழுபது டாலர் போகும். அந்த விகிதம் சீக்கிரமே காலாவதியாகிவிட்டது. இன்று மேல்நிலைக் காசு எழுபது மடங்கு இல்லை, பல நூறு மடங்கு கூடப் போகிறது. எண் மட்டும் நின்றுவிட்டது. 1970களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் அதை எல்லாக் காசுகளுக்குமான அளவுகோலாக ஏற்றுக்கொண்டது.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமானவற்றை அவர் அங்கே வைத்திருந்தார். இது அவர் இறந்த பிறகு வெளியே வந்து, நீதிமன்றம் வரை போனது. காசின் நிலையை அளக்க உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அந்த அறிவை இப்படிப் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எண்ணை எப்படிப் படிப்பது? என் மேசையில் 1907ஆம் ஆண்டு இந்தியன் ஹெட் சென்ட் ஒன்று இருக்கிறது. அந்த வரிசையில் பத்துக் கோடியைத் தாண்டி அச்சானது அந்த ஓர் ஆண்டுதான். பெயர் இந்தியன் ஹெட் என்றாலும் முகம் சுதந்திர தேவியுடையது. அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுத் தலையணியை அவளுக்குச் சூட்டியிருக்கிறார் வடிவமைத்த ஜேம்ஸ் லாங்கேக்கர். தலையணியின் பட்டையில் லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல் ஏழு எழுத்தில் இருக்கும். பட்டை காசின் மேடான இடத்தில் இருப்பதால் விரல் முதலில் தேய்ப்பது அதைத்தான்.

ஏழு எழுத்தில் ஒன்றுமே தெரியாமல் உருவம் மட்டும் தெளிவாக இருந்தால் ‘குட்’, அதாவது 4. மொத்தமாக மூன்று எழுத்து தேறினால் 8. ஏழும் மங்கலாகவாவது படிக்கக் கிடைத்தால் ‘ஃபைன்’, 12. ஏழும் பளிச்சென்று இருந்தால் 20க்கு மேல். கழுத்துப் பக்கம் தொங்கும் ரிப்பனில் சின்னச் சின்ன வைர வடிவங்கள் உண்டு. அவை கூர்மையாக இருந்தால் 40. என் காசில் ஏழு எழுத்தும் தெரிகிறது. நடுவில் இரண்டை மட்டும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். ஆக 12. இறகு நுனிகளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பல காசுகளில் அச்சு விழும்போதே அவை முழுதாக விழுந்திருக்காது. அச்சு மெலிவாக விழுந்ததையும் பின்னால் தேய்ந்ததையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பழக நாளாகும் வேலை.

எருமை நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசில் இந்தச் சிக்கல் முற்றிப் போயிருக்கும். ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் வடிவமைத்து 1913 முதல் 1938 வரை வந்தது. முதல் வருஷத்திலேயே ஒரு குறை தெரிந்தது. மதிப்பைச் சொல்லும் எழுத்துகள் எருமை நிற்கும் மேட்டின் மேலேயே இருந்ததால் வேகமாகத் தேய்ந்தன. அதை அதே ஆண்டில் திருத்தி எழுத்துகளைப் பள்ளத்தில் இறக்கினார்கள். ஆனால் முன்பக்கம் தோள்மேட்டில் இருந்த ஆண்டை யாரும் காப்பாற்றவில்லை. ஆண்டே இல்லாத எருமை நிக்கல்கள் இன்று கூடை கூடையாகக் கிடைப்பது அதனால்தான். தரம் பார்ப்பவர்கள் எருமையின் கொம்பைப் பார்ப்பார்கள், நுனி வரை முழுதாக இருந்தால் 20க்கு மேல். ஆனால் 1920களில் டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தேய்ந்த அச்சுகளை வைத்தே அடித்துத் தள்ளினார்கள். அந்தக் காசுகள் ஒரு நாள்கூடப் புழங்காமலே கொம்பு மழுங்கிப் பிறந்தவை. அவற்றுக்குக் கொம்பை நம்பாமல் மினுமினுப்பைப் பார்க்க வேண்டும்.

மினுமினுப்பு என்றால் பளபளப்பு இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாகப் பதியும். புதுக் காசை ஒற்றை விளக்கின் கீழே சுழற்றினால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி அதன் மேல் சுற்றி வரும். ஒரு தடவை தேய்ந்தால் அந்தக் கோடுகள் போய்விடும், திரும்ப வராது. லிங்கனின் கன்ன எலும்பில் மட்டும் அந்தச் சுழற்சி அறுந்து ஒரு சாம்பல் படிவு தெரிந்தால் காசு 58. அறுபடாமல் கன்னத்தின் மேலும் ஓடினால் 60க்கு மேல். 60இலிருந்து 70 வரை உள்ள படிகளில் தேய்மானத்துக்கு வேலையே இல்லை. பையில் மற்ற காசுகளோடு மோதி விழுந்த கீறல்கள் எத்தனை, முகத்திலா ஓரத்திலா, அச்சு எவ்வளவு முழுமை, கண்ணுக்கு எவ்வளவு அழகு என்பதுதான் கணக்கு. கன்னத்தில் கீறல் விழுந்து 61 வாங்கிய காசை விட, லேசாகப் புழங்கி 58 வாங்கிய காசு பல நேரம் அழகாக இருக்கும். விலையும் குறைவு. நான் கைக்காசு கொடுத்து வாங்கும்போது 58ஐத்தான் தேடுவேன்.

செம்புக் காசில் எண்ணோடு நிறமும் சேரும். அச்சான நாளின் செந்நிறம் ஏறக்குறைய முழுசாக, நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பங்காவது இருந்தால் ‘ரெட்’. ஐந்து பங்குக்கும் கீழே போய்விட்டால் ‘பிரவுன்’. இடைப்பட்டதெல்லாம் ‘ரெட் பிரவுன்’. ஒரே 65 எண்ணுக்குள் இந்த மூன்று சொல் மாறுவதில் விலை எத்தனையோ மடங்கு மாறும். 1926இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த லிங்கன் சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 45 லட்சத்துக்கு மேல் அச்சானது, தேய்ந்த நிலையில் சாதாரணக் காசு. முழுச் சிவப்போடு 65 என்றால் மொத்த லிங்கன் வரிசையிலேயே கிடைப்பதற்கு அரிய காசுகளில் ஒன்று. நிறத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. செம்பு சும்மா இருக்காது, ஈரக்காற்றுப் பட்டால் கறுக்கும். தரம் பார்த்து மூடித் தந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்போதே சிவப்பு பழுப்பாக மாறினால், பி.சி.ஜி.எஸ். போன்ற தரம் பார்க்கும் நிறுவனத்தின் உத்தரவாதம்கூட அதற்குக் கைகொடுக்காது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் ‘ரெட்’ என்று எழுதியதற்காகப் பெரிய தொகை கொடுக்கும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பழுப்பு ஏற்கெனவே மாறி நிலைத்துவிட்ட நிறம். நல்ல பழுப்புக் காசின் அமைதி எனக்குச் சிவப்பை விடப் பிடிக்கும்.

செம்பு கறுத்தால் நம் கை புளியைத் தேடும். பூஜைப் பாத்திரம் விளக்கிப் பழகிய கை அது. காசில் அதைச் செய்தால் முடிந்தது கதை. புளியின் அமிலம் கறையோடு சேர்த்து மேல்தோலையும் அரித்துவிடும், அந்த நுண்கோடுகள் போய்விடும். காசு பளபளக்கும், ஆனால் ஆரங்கள் சுற்றாது. 1880களைச் சேர்ந்த ஓர் இந்தியன் ஹெட் சென்ட்டை நான் ஒரு விற்பனையாளரிடம் அப்படித்தான் வாங்கினேன். படத்தில் ஆரஞ்சுப் பழம் மாதிரி மின்னியது. தரம் பார்க்க அனுப்பினேன். எண் இல்லாமல், சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு ‘டீட்டெயில்ஸ்’ என்று திரும்பி வந்தது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெற்றுத் தளம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள், எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் பழைய கறுப்பு. யாரோ துணி வைத்துத் துடைத்திருக்கிறார். அனுப்பும் முன்பே பார்த்திருக்க வேண்டிய கோடுகள்.

தரம் பார்த்துத் தரும் நிறுவனங்கள் வந்த கதையும் இதே வலியில் பிறந்ததுதான். முன்பெல்லாம் விற்பவர் 65 என்பார், அதே காசை அவரிடமே திருப்பிக் கொண்டுபோனால் 63 என்பார். யார் பக்கமும் சேராத மூன்றாம் ஆள் தேவைப்பட்டார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சான்றுப் பிரிவு 1979இல் தரமும் சொல்லத் தொடங்கியது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. வந்தன. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் காசைத் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்வார்கள். முடிவான எண்ணைச் சீட்டில் அடித்து, காசோடு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டிவிடுவார்கள். இதைத்தான் ஸ்லாப் என்கிறோம். அதன் பிறகு காசைக் கையால் தொடாமலே, நேரில் பார்க்காமலே வாங்கவும் விற்கவும் முடிந்தது. எந்தக் காசு எந்த எண்ணில் எத்தனை பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலும் கிடைத்தது. நிலை சார்ந்த அருமை என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததே அந்தப் பட்டியலால்தான்.

ஆனாலும் எண் ஒரு கருத்து. அதே காசை இரண்டாம் தடவை அனுப்பினால் ஒரு படி மாறி வரலாம். 64க்கும் 65க்கும் விலையில் பெரிய பள்ளம் இருக்கும் காசுகளை உறையை உடைத்துத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அனுப்பும்போது பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே காசு பட்டியலில் இரண்டாக, மூன்றாக எண்ணப்படும். 2010இலிருந்து எண்ணோடு கூட்டல் குறியும் போடுகிறார்கள். 2007இல் தொடங்கிய சி.ஏ.சி. என்ற நிறுவனம், மற்றவர்கள் தந்த எண்ணுக்குக் காசு உண்மையாகவே தகுதியானதா என்று பார்த்து, தகுதியானதென்றால் உறை மேல் பச்சை ஒட்டி ஒன்றை ஒட்டித் தருகிறது. ஒரே 65க்குள் நல்ல 65, சுமாரான 65 என்று இருப்பதை வணிகமே ஒப்புக்கொண்டதற்கு அந்த ஒட்டி சாட்சி.

பழைய செம்புச் சென்ட்டுகளை மட்டும் சேர்க்கும் ஆர்வலர்கள் 1967இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் கணக்கு இன்னும் கறாரானது. கூர்மைக்கு ஓர் எண் கொடுத்துவிட்டு, அரிப்பு, கீறல் எல்லாவற்றுக்கும் கழித்து நிகர எண் சொல்வார்கள். நிறுவனம் 40 என்ற காசை அவர்கள் 25 என்பது சாதாரணம். எனக்கு அவர்கள் வழி பிடிக்கும், ஏனென்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

போலியைப் பற்றி ஒன்று. 1914 டி விலை போவதால் 1944 டி காசை எடுத்து, ஆண்டில் முதலில் வரும் 4 என்ற எண்ணைச் சுரண்டி 1 ஆக்குகிற வேலை வெகுகாலமாக நடக்கிறது. பிடிப்பது சுலபம். 1909இல் எடுத்த பிரென்னரின் முதலெழுத்துகளை 1918இல் லிங்கனின் தோள் வெட்டுக்கு அடியில் மிகச் சின்னதாகத் திரும்பப் போட்டார்கள். ஆகவே உண்மையான 1914 காசின் தோளில் அவை இருக்கக் கூடாது. இருந்தால் அது நாற்பதுகளின் காசு. ஒன்பதுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருப்பதும் காட்டிக்கொடுக்கும். 1909 எஸ் வி.டி.பி.யில் பிலடெல்பியாக் காசின் மேல் ‘எஸ்’ எழுத்தை ஒட்டவைப்பார்கள். உண்மையான ‘எஸ்’ஸின் மேல் வளைவுக்குள் குட்டியாக ஒரு புள்ளி மேடு இருக்கும். உறையையே போலியாகச் செய்கிற காலம் இது. சீட்டில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே காசின் படம் இருந்தால் கையில் உள்ளதோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், உறையில்லாத இந்தியன் ஹெட் சென்ட்டுகளில் 1900க்குப் பிந்தியவற்றை வாங்கச் சொல்வேன். 1908இன் ‘எஸ்’ காசும் 1909ஆம் ஆண்டுக் காசுகளும் தவிர மற்றவை 12 தரத்தில் சில டாலருக்கே கிடைக்கும். ஐந்தாறு காசுகளை வெவ்வேறு தேய்மானத்தில் வாங்கி வரிசையாக வைத்து, சீட்டு இல்லாமல் நீங்களே எண் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண் வர ஆரம்பித்த பிறகு ஸ்லாப் வாங்கினால் போதும்.

2025 நவம்பர் 12ஆம் தேதி பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டை அடித்துவிட்டார்கள். ஒரு சென்ட்டை அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவானது என்பது காரணம். 1793இல் தொடங்கிய வரிசை அது. அன்று அதே ஊரில் முதலில் அடித்த சங்கிலி வடிவச் சென்ட்டுகள் 36,103. இன்று அவற்றில் எழுத்து தெரிகிற ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். அமெரிக்க வீடுகளில் ஜாடி ஜாடியாக இருக்கும் சென்ட்டுகள் இன்னும் செல்லும். பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட, 1958 வரையிலான காசுகள் அந்த ஜாடிகளிலிருந்து இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, பெரும்பாலும் பழுப்பாக, கன்னம் தேய்ந்து.